பனித்தளத்தில் ஓர் இணை

'இணை' என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. இரண்டு சேர்ந்தது என்பது ஒன்று. ஒப்பு என்பது மற்றொன்று. இணையடி என்புழி முன்னையதும், இணையிலி என்புழிப் பின்னையதும் கொள்ளப்படும். மாணாக்கர்க்கு இவ்வேறுபாட்டைக் கூறுந்தோறும், இரு பொருளும் ஒருங்கே பொருந்தி நிற்கும் உதாரணம் ஒன்று கிடைத்தால் நலமாயிருக்குமே என்று யாம் எண்ணுவதுண்டு. அவ்வுதாரணம் பழைய ஏடுகளிலிருந்தன்றி, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து எமக்குக் கிடைத்தது. ருஷிய நாட்டிலே பிறந்து சுவிற்சர்லாந்திலே மறைந்த லுட்மிலா பெலோசோவா என்னும் அம்மையாரின் வரலாறே அது. அவர் புலவரல்லர், அரசியலாருமல்லர். உறைந்த நீரின்மேல் ஆடுதலையே வாழ்வாகக் கொண்டவர். அவ்வாட்டத்தையும் அவர் தனித்து ஆடினாரல்லர். ஒலெக் புரொட்டோபொபோவ் என்னுந் தம் கணவரோடு கைகோத்து, அறுபதாண்டுக்கு மேலாக ஆடினார்.

பனிச்சறுக்கு எனின் நம்மவர் பலர், மலைச்சரிவிலே நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு இறங்குதலையே எண்ணுவர். ஈண்டுக் கூறப்படுவது அதுவன்று. சமதளமாக உறையவைத்த நீர்ப்பரப்பின்மீது, அடியிலே உருக்கு அலகு பொருத்திய சப்பாத்தணிந்து, இசைக்கு இயைய ஆடும் ஆட்டம் இது. மீன்வாடியிலும் குளிர்பானக் கடையிலுமன்றிப் பனிக்கட்டியைக் கண்டறியாத நமக்கு, அதன்மேல் விழாது நிற்றலே அருஞ்செயலாகத் தோன்றும். அவ்வலகோ கத்தியின் அலகுபோல ஒற்றைக் கூருடையதன்று. அதன் அடிப்புறத்தே நீளவாட்டில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். பள்ளத்தின் இருமருங்கும் இரண்டு விளிம்புகள் உள. உட்பக்கத்தது அகவிளிம்பு, வெளிப்பக்கத்தது புறவிளிம்பு. ஆடுவோர் முன்னோக்கியுஞ் செல்லலாம், பின்னோக்கியுஞ் செல்லலாம். ஆகவே விளிம்பு இரண்டும் திசை இரண்டும் உறழ, ஒரு காலுக்கு நான்கு நிலை பெறப்படும். இந்நான்கினையும் வாசகர் நினைவிற் கொள்க. சற்றுப் பின்னர் இவை வேண்டப்படும்.

இணையாட்டத்திலே ஆடவன் ஒருவனும் பெண் ஒருத்தியும் சேர்ந்து ஆடுவர். அவன் அவளைத் தலைக்குமேல் தூக்கியபடியே விரைந்து செல்வான். சிலவேளை வீசி விடுவான். அவள் வானிற் சுழன்று வந்து ஒற்றைக் காலில் ஊன்றுவாள். காண்பார் கண் பெரும்பாலும் தூக்குபவன் வலிமையிலேயே செல்லும். தூக்கப்படுபவள் பாடு எத்தகையது என்று சிந்திப்பார் சிலரே. உயரத்திலிருந்து விழநேரின் விழுபவள் அவளன்றோ!

லுட்மிலா 1935 நவம்பர் 22-இல், வொல்கா நதிக்கரை நகராகிய உலியானொவ்ஸ்கிற் பிறந்து மொஸ்கோவில் வளர்ந்தவர். இக்கலையிற் சிறப்பெய்த விரும்புவோரை நான்கு ஐந்து வயதிலேயே பனித்தளத்தில் இறக்கிவிடுவது வழக்கம். லுட்மிலா பயிலத் தொடங்கியபோது வயது பதினாறு. ஒலெக்கின் தொடக்கமும் காலந்தாழ்ந்ததே. 1932 ஜூலை 16-இல் லெனின்கிராட் நகரிற் பிறந்த அவர், பாலே நடனமாது ஒருவரின் மைந்தர். அந்நகரை ஜேர்மானியப் படை வளைத்த காலத்து அவர் ஒன்பது வயதுச் சிறுவர். பசியாலும் குளிராலும் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்த அம்முற்றுகையிலிருந்து உயிர் தப்பினார். பதினைந்தாம் வயதிலே சறுக்கப் பழகினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வகுப்பிலே நாம் அடிக்கடி கூறுகின்றோம். அப்பழமொழியை இவ்விருவர் முன்னிலையிற் கூறுதற்குச் சற்றுத் தயங்க வேண்டியதே.

1954-இல் மொஸ்கோவிலே இருவருஞ் சந்தித்தனர். கைகோத்துச் சிறிது சறுக்கிப் பார்த்தனர். அதன்பின் வேறு துணை தேடினாரல்லர். லுட்மிலா லெனின்கிராட்டுக்குப் பெயர்ந்து, புகையிரதப் பொறியியற் கல்வியை ஒருபுறம் கற்றுக்கொண்டே மறுபுறம் ஆடிவந்தார். 1957-இல் இருவரும் மணம் புரிந்தனர். மணந்த பின்னும் அம்மையார் தம் குடிப்பெயரை மாற்றிக்கொண்டிலர். போட்டிப் பட்டியல்களில் இரண்டு பெயர்களும் தனித்தனியே அச்சாகும். அப்பட்டியலை மட்டும் பார்ப்பவன் இவர்கள் கணவன் மனைவியர் என்று அறியமாட்டான்.

தொடக்கத்திற் கிடைத்த இடங்கள் பெருமைப்படத் தக்கனவல்ல. 1958-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியிலே பதின்மூன்றாமிடம். 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வலியில் நடந்த ஒலிம்பிக்கிலே ஒன்பதாமிடம். அப்பொழுது ஒலெக்குக்கு வயது 27. வேறு எவராயினும் சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்திருப்பர். இவர்களோ பெரும்பாலும் பயிற்றுநர் ஒருவரையுஞ் சாராது, தாமே இசை தேர்ந்து, தாமே ஆட்டம் வகுத்துத் தொடர்ந்தனர். 1962-இலும் 1963-இலும் உலகப் போட்டியில் இரண்டாமிடம் வந்தது. 1964-இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரில் நடந்த ஒலிம்பிக்கிலே, உலக வீரராய் விளங்கிய ஜேர்மானிய இணையாகிய மரிக்கா கீலியஸ், ஹான்ஸ்-யூர்கன் பொய்ம்லர் என்போரை மயிரிழையில் வென்று பொற்பதக்கம் பெற்றனர். இணையாட்டத்திலே சோவியத் நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பொன் அது. அன்று தொடங்கிய வெற்றி வரிசை 2006 வரை, பன்னிரண்டு ஒலிம்பிக் விழாக்களில் அந்நாட்டாரையும் அவர் வழிவந்தோரையும் விட்டகலவில்லை. 2010-இல் சீன இணையொன்றே அதனை அறுத்தது.

பதக்கங்களை எண்ணுவதை விட்டு, அவர்கள் ஆட்டத்துக்குப் புதிதாகச் சேர்த்தது யாது என்று நோக்குவதே எமக்கு இன்பந் தருவது. 'மரணச் சுழல்' என்று ஓர் உறுப்பு இணையாட்டத்தில் உண்டு. ஆடவன் தன் சப்பாத்தலகின் முனையிலுள்ள பற்களைப் பனியில் ஊன்றி, உடலைத் தாழ்த்தி, அச்சாணிபோல ஓரிடத்தே நின்று சுழல்வான். பெண் அவனுடைய கை ஒன்றை மாத்திரம் பற்றி, ஒற்றைக் காலின் விளிம்பிலே, உடல் ஏறக்குறையப் பனித்தளத்தோடு படியச் சாய்ந்து, கூந்தல் பனியைத் தடவ அவனைச் சுற்றி வட்டமிடுவாள். அவன் இழுப்பும் அவள் வேகமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் வரையே அவ்வட்டம் நிலைக்கும். அவள் சற்று மிகத் தாழ்ந்தால் தோள் பனியில் இடிக்கும். அவன் கை சற்று நெகிழ்ந்தால் வட்டஞ் சிதறும். இருவருள் யார் யாரைத் தாங்குகின்றனர் என்று கேட்டால் விடை கூறல் அரிது.

வெகுகாலம் இச்சுழல் பின்னோக்கிய புறவிளிம்பு ஒன்றிலேயே ஆடப்பட்டு வந்தது. விளிம்பு நிலை நான்கு உளவெனின் சுழலும் நான்கு இருத்தல் வேண்டுமன்றோ? இலக்கணங் கற்றவன் எவனுக்கும் எழுகின்ற வினா இது. அவ்வினாவைப் பனியின்மேல் எழுப்பி, உடம்பினால் விடை கண்டவர்கள் இவ்விணையரே. எஞ்சிய மூன்றினையும் ஒவ்வொன்றாக ஆடிக் காட்டினர். பின்னோக்கிய அகவிளிம்பில் அமைந்ததற்குப் 'பிரபஞ்சச் சுழல்' என்றும், முன்னோக்கிய அகவிளிம்பில் அமைந்ததற்கு 'வாழ்வுச் சுழல்' என்றும், முன்னோக்கிய புறவிளிம்பில் அமைந்ததற்குக் 'காதற் சுழல்' என்றும் பெயரிட்டனர். மரணத்தின் பெயரால் வழங்கிய ஒன்றன் கிளைகளுக்கு வாழ்வென்றும் காதலென்றும் பெயர் சூட்டிய அழகினை வாசகர் நோக்குக. பெயரிடுதலிலே எமக்குள்ள பற்றினால் இவ்விடத்துச் சிறிது தங்கிவிட்டோம். அந்நான்கு வகையும் போட்டி விதிகளில் இடம்பெற்று இன்றும் ஆடப்படுகின்றன.

பெயரளவில் அன்றி ஆட்டத்திலும் காதலே அவர்கள் கருப்பொருள். அண்ணனுந் தங்கையுமாய் ஆடும் இணைகள் அக்காலத்தில் உண்டு. 1962-இல் இவர்களை வென்ற கனடா நாட்டு இணையே உடன்பிறந்தார் இணைதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள அன்பினை உடன்பிறந்தார் எவ்வாறு ஆடிக் காட்டுவர் என்று ஒலெக் வெளிப்படையாகவே வினவியதுண்டு. அகப்பொருளை ஆடுதற்கு அதற்குரிய தலைவனுந் தலைவியுமே வேண்டும் என்று நம்மவர் மொழியில் அதனைக் கூறலாம். 1968-இல் பிரான்சின் கிறெனோபிள் நகரில், பீத்தோவன், ரக்மானினொவ் முதலியோரின் இசைக்கு ஆடி இரண்டாம் ஒலிம்பிக் பொன்னைப் பெற்றபோது லுட்மிலாவுக்கு வயது 32, ஒலெக்குக்கு 35. பழைய படச்சுருளில் அவ்வாட்டத்தைக் கண்டோம். வேகத்தைக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் அதில் இல்லை. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லுங்கால் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கிற்று என்று பிரித்துக் காணவியலாத புணர்ச்சி அதிலுண்டு. 1965 முதல் 1968 வரை நான்காண்டும் உலகப் பட்டமும் ஐரோப்பியப் பட்டமும் இவர்களுடையனவாயின.

அதற்கடுத்த ஆண்டிலேயே காற்று மாறிற்று. இரீனா ரொட்னினா என்னும் பத்தொன்பது வயதுப் பெண், அலெக்சி உலானொவ் என்பவரோடு சேர்ந்து 1969-இல் ஐரோப்பியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் பறித்துக்கொண்டார். சிறிய உருவம், பெருவேகம், ஒரு கணமும் ஓயாத அடிகள் — இதுவே ரொட்னினாவின் இயல்பு. உலகப் போட்டியிலே லுட்மிலாவுக்கும் ஒலெக்குக்கும் மூன்றாமிடமே கிட்டியது. 1970-இல் தம் சொந்த நாட்டுப் போட்டியிலே நான்காமிடத்துக்கு இறங்கினர். 1972 ஒலிம்பிக்குக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை.

தாம் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டோம் என்பது அவர்தம் முறைப்பாடு. இதில் எம் கருத்தைக் கூறுதல் கடன். தோற்றவர்பால் எமக்குள்ள அன்பினால் வென்றவரைக் குறைகூறல் முறையன்று. ரொட்னினா 1969 முதல் 1978 வரை பத்து முறை தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றவர். அத்தகைய ஒருவரின் எழுச்சியை நடுவரின் ஓரவஞ்சனை என்று மட்டும் கூறிவிடல் இயலாது. ஆயினும் ஒன்றுண்டு. வேகமும் அருஞ்செயலும் எண்ணி அளத்தற்கு எளியன; ஒழுக்கும் உணர்வும் அவ்வாறு அளக்கப்படுவனவல்ல. அளவுகோல் எப்பக்கஞ் சாய்கின்றதோ அப்பக்கமே கலையும் சாயும். லுட்மிலாவும் ஒலெக்கும் தோற்றது ரொட்னினாவுக்கு மட்டுமன்று, அவ்வளவுகோலுக்குமே. இதனை அவர்கள் அமைதியாக ஏற்றனரா எனின், இல்லை. ஒலெக்கின் பேச்சிலே கசப்பு இறுதிவரை இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் லெனின்கிராட்டின் பனிநடனக் குழுவிற் சேர்ந்து காட்சிகள் ஆடினர். 1979 செப்டெம்பரிலே அக்குழுவோடு சுவிற்சர்லாந்து சென்றவர்கள் நாடு திரும்பவில்லை. அங்கேயே அடைக்கலம் வேண்டினர். அவருக்கு அப்பொழுது 43 வயது, இவருக்கு 47. அந்த வயதிலே வீடு, மொழி, உற்றார் அனைத்தையும் துறத்தல் எளிதன்று. சோவியத் அரசு செய்தது யாதெனின், அவர்களுக்கு அளித்த விருதுப் பெயர்களைப் பறித்தது. விளையாட்டு வரலாற்று நூல்களிலிருந்து அவர்கள் பெயர்களை நீக்கிற்று. இன்ஸ்புறுக்கிலும் கிறெனோபிளிலும் பொன் வென்றவர் யார் என்று அந்நாட்டு மாணவன் ஒருவன் நூலிலே தேடினால், விடை கிடையாது. ஏடு செல்லரித்து நூல் இறந்துபட்ட துயரத்தைத் தமிழ்ப் பண்டிதர் நன்கறிவர். செல்லரித்தல் இயற்கை. மனிதன் அறிந்தே ஒரு பெயரைச் சுரண்டி எடுத்தலை எவ்வாறு பெயரிட்டு அழைப்பது என்று எமக்குத் தெரியவில்லை. ஆயினும் 'வாழ்வுச் சுழல்' ஆடுகின்ற சோவியத் இளைஞர் ஒவ்வொருவரும், அப்பெயர்களை அறியாமலே அவர்களின் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தனர். அதனை நீக்க எந்த அலுவலகத்தாலும் இயலவில்லை.

இணையர் இருவரும் சுவிற்சர்லாந்திலே, ஐகர் மலையடியிலுள்ள கிறிண்டெல்வால்ட் என்னும் ஊரிற் குடியமர்ந்தனர். 1995-இல் அந்நாட்டுக் குடியுரிமை கிட்டியது. பிறந்த மண்ணை மீண்டும் மிதித்தது 2003-இல். அப்பொழுது அவர் விட்டுச்சென்ற நாடும் இல்லை, நகரின் பழைய பெயரும் இல்லை. 2014-இல் சோச்சி நகரில் ஒலிம்பிக் விழா நடந்தபோது பார்வையாளராக அங்கே சென்றனர். விழாத் தீயை ஏற்றிய இருவருள் ஒருவர் ரொட்னினா.

போட்டி விட்டும் ஆட்டம் விடவில்லை என்பதே இவ்வரலாற்றில் எம்மை மிகவும் ஈர்ப்பது. அமெரிக்காவிலே ஹாவாட் பல்கலைக்கழக மாணவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்டும் பொருட்டுப் பனிநடனக் காட்சியொன்றை நடத்துவதுண்டு. அக்காட்சியிலே இவ்விருவரும் பலமுறை ஆடினர். 2009-இல் ஒலெக் பக்கவாதத்தாற் பீடிக்கப்பட்டார். தேறியதும் மீண்டும் பனித்தளத்துக்கே வந்தார். 2015 செப்டெம்பரிலே அங்கு மறுபடியும் ஆடினர். அன்று லுட்மிலாவுக்கு 79 வயது, ஒலெக்குக்கு 83. அந்த வயதிலே நம் ஊர்களில் முற்றத்துப் படியிறங்கவே கைத்தடி தேடுவர்.

இரண்டாண்டு கழிந்து, 2017 செப்டெம்பர் 26-இல், லுட்மிலா அம்மையார் தம் 81-ஆம் வயதிற் காலமானார். அவரைக் கொண்டுசென்றதும் புற்றுநோயே. ஒலெக் அதன்பின் ஆறாண்டு இருந்தார். 2023 ஒக்டோபர் 31-இல், 91 வயதில், அவரும் மறைந்தார்.