கிண்டியில் ஒளிந்திருந்த 18 குழிகள்!

பந்து ஒன்று... நடை ஆறேழு கிலோ மீட்டர்!

கிண்டி ரெயில் நிலையத்தில் இறங்குகிறவரிடம் "ரேஸ் கோர்ஸ் எங்கேப்பா?" என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார். "கோல்ப் மைதானம் எங்கே?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன!

குதிரை ஓடும் பாதை ஒரு பெரிய வளையம். அந்த வளையத்துக்கு உள்ளே பரந்து கிடந்த புல்வெளியில் 18 குழிகளோடு ஒரு கோல்ப் மைதானம். மெட்ராஸ் ஜிம்கானா கிளப் உறுப்பினர்கள் ஆடிய இடம் அது. 1884-ம் ஆண்டு தொடங்கிய இந்த கிளப்பின் தலைமை இடம் தீவுத்திடலில் இருக்கிறது. கோல்ப் மட்டும் கிண்டியில்!

வேளச்சேரி சாலையில் தினமும் பஸ்சில் போன ஆயிரக்கணக்கான பேருக்கு ரேஸ் கோர்சின் மதில் சுவர் தெரியும். உள்ளே ஒரு பந்து பறந்தது தெரியாது.

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ந்தேதி அதிகாரிகள் வந்து "சீல்" வைத்தார்கள். அப்போதுதான் "அட, உள்ளே இப்படி ஒண்ணு இருந்துதா?" என்று பலர் வாயைப் பிளந்தார்கள்.

அப்படி என்னதான் ஆட்டம் அது? வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

நாலேகால் அங்குலக் குழி

கோல்ப் ஆட்டத்தில் ஒரு "சுற்று" என்றால் 18 குழிகளையும் வரிசையாக முடிப்பது. கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். நடை மட்டும் ஆறேழு கிலோ மீட்டர். சென்னை வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள்.

ஆட்டம் தொடங்கும் மேடைக்கு "டீ" என்று பெயர். அங்கே ஒரு சின்ன முளையைக் குத்தி, அதன் தலையில் பந்தை உட்கார வைக்கிறார்கள். பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. ஒரு கோழி முட்டை கனம்கூட இல்லை!

தூரத்தில் ஒரு கொடி தெரியும். அதன் காலடியில்தான் குழி. குழியின் அகலம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லி மீட்டர். வீட்டுச் சொம்பின் வாய் அளவுதான். சில குழிகள் 150 கெஜத்தில் இருக்கும். சில குழிகள் 500 கெஜத்தையும் தாண்டும்.

பந்து நேராகப் போனால் வெட்டிவிட்ட புல்தரையில் விழும். கொஞ்சம் கோணினால் உயர்ந்த புல்லுக்குள் புகுந்துகொள்ளும். இன்னும் கோணினால் மணல் பள்ளம். அதையும் தாண்டினால் குளம்!

காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான் நேரம். முன்பு 5 நிமிடம் இருந்தது. 2019-ம் ஆண்டு குறைத்துவிட்டார்கள். கெடு தாண்டினால் பந்து போனது போனதுதான். அபராதமாக ஒரு அடி ஏறும். மறுபடியும் பழைய இடத்துக்கு நடந்துபோய் அடிக்க வேண்டும்.

ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரத்துக்கு ஒன்று, மணலில் இருந்து தூக்க ஒன்று, குழிக்குள் மெல்லத் தள்ள ஒன்று. கடைசியில் தள்ளும் மட்டைக்குப் பெயர் "பட்டர்". கோவில் பட்டரும் அல்ல, ரொட்டியில் தடவும் பட்டரும் அல்ல!

கிரிக்கெட்டில் 100 அடித்தால் கை தட்டுவார்கள். கோல்பில் 100 அடித்தால் தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டும். குறைவாக அடித்து முடிப்பவருக்குத்தான் இங்கே வெற்றி.

நடுவர் கிடையாது

இந்த ஆட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. கிளப்பில் ஆடும் சாதாரண ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. விசில் ஊத ஆள் இல்லை. புதருக்குள் போய் பந்தைக் காலால் நகர்த்தினால் கேட்பார் இல்லை. எத்தனை அடி அடித்தோம் என்று அவரவர் சொல்வதுதான் கணக்கு.

1925-ம் ஆண்டு நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் ஆடிக்கொண்டிருந்தார். அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. "அசைந்தது, நான் பார்த்தேன்" என்று அவரே தனக்கு ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டார். அந்த ஒரு அடியால் போட்டி சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்தில் கோப்பை கை நழுவிப் போனது!

மனசாட்சிதான் நடுவர் என்று கோல்ப் ஆட்டக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதனால்தான்.

"கேடி" கெட்டவர் அல்ல

ஒரு சுற்றில் ஆடுகிறவரோடு கூடவே நடக்கிறவர் ஒருவர் உண்டு. அவரைக் "கேடி" என்பார்கள். பயப்படாதீர்கள். போலீஸ் நிலையப் பட்டியலில் இருக்கும் கேடி வேறு. இவர் மட்டைப் பையைச் சுமக்கிறவர்.

பையின் கனம் பத்து கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு 18 குழிகளும் நடக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைக்க வேண்டும். அதோடு முடிந்ததா? "சார், காத்து எதிர்ல அடிக்குது. ஆறாம் நம்பர் வேணாம், அஞ்சை எடுங்க" என்று யோசனையும் சொல்ல வேண்டும்.

தரை எங்கே சரிகிறது, புல் எந்தப் பக்கம் சாய்கிறது, மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் மைதானம் அவருடையது அல்ல. மட்டையும் அவருடையது அல்ல.

இருந்தும் பை தூக்கியவர்கள் பட்டம் வென்ற கதைகள் உண்டு. 1991-ம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியில் வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 2009-ம் ஆண்டு அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவர்தான்.

தென் ஆப்பிரிக்காவில் நடந்தது நெஞ்சைச் சுடும் கதை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பாப்வா செவ்கோலும் அங்கே கேடியாகத் தொடங்கியவர். கையை மாற்றிப் பிடித்து ஆடுவார். 1963-ம் ஆண்டு டர்பன் நகரில் நடால் ஓப்பன் போட்டியில் வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்தார். நிறவெறி ஆட்சி நடந்த காலம். வெள்ளையர் கிளப் கட்டிடத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் உள்ளே இருக்க, ஜெயித்தவர் வெளியே கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கினார்!

கிரவுண்டுக்கு நாலணா கூட இல்லை!

மறுபடியும் கிண்டிக்கு வருவோம்.

இங்கே குதிரைப் பந்தயம் 1777-ம் ஆண்டே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் ஏற்பட்டது 1896-ல். 1945-ம் ஆண்டு 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டு குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது.

வாடகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் 4 ரூபாய் கூட வரவில்லை. கிரவுண்டுக்கு நாலணா கூட இல்லை. அந்தக் காலத்து மதிப்பு என்று வைத்துக்கொண்டாலும், பிற்காலத்தில் கிண்டியில் மனை விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாடகையை உயர்த்துவதில் அரசுக்கும் ரேஸ் கிளப்புக்கும் நெடுநாள் இழுபறி. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில், கெடு முடிய சுமார் 20 ஆண்டு இருக்கும்போதே, அரசு குத்தகையை ரத்து செய்தது.

தகராறு அரசுக்கும் ரேஸ் கிளப்புக்கும் இடையில். ஆனால் பூட்டு கோல்ப் வாசலிலும் விழுந்தது. ரேஸ் கிளப் மட்டும் அல்ல, ஜிம்கானா கிளப்பும் ஐகோர்ட்டுப் படி ஏறியது.

குழியா? குளமா?

"இத்துனூண்டு பந்துக்கு இவ்ளோ இடமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நந்தனத்தில் அண்ணா சாலை ஓரத்தில் இன்னொரு கோல்ப் மைதானமும் உண்டு. நகரத்தின் நடுவில் இரண்டு மைதானங்கள். சாதாரண ஜனங்கள் இரண்டிலும் காற்று வாங்கக்கூட நுழைந்தது இல்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. சுற்றிலும் அடுக்கு மாடிகள் எழும்பியபோதும் கிண்டியில் அந்தப் புல்வெளி மண்ணாகவே இருந்தது. குதிரையும் கோல்ப் பந்தும் காவல் காத்ததால், அங்கே கான்கிரீட் நுழையவில்லை.

அந்த மண்ணுக்கு இப்போது வேறு வேலை வந்திருக்கிறது. ரேஸ் கோர்சை ஒட்டிப் போகும் ஐந்து பர்லாங் சாலையின் மறுகோடி வேளச்சேரி. மழை என்றால் அங்கே வயிற்றில் புளி கரையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, அந்தச் சாலை சந்திப்பு அருகே மண் சரிந்து பள்ளத்தில் சிக்கிய இரண்டு பேர் பிணமாகத்தான் மீட்கப்பட்டார்கள்.

ரேஸ் கோர்ஸ் நிலத்தில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாக 2024-ல் அரசு அறிவித்தது. மழை நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டும் திட்டமும் வந்தது.

கோல்ப் ஆடுகிறவருக்குக் குளம் என்றால் பயம். வேளச்சேரிக்காரருக்குக் குளம் இல்லை என்றால்தான் பயம்!

நிலம் யாருக்கு என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். யார் கைக்குப் போனாலும் அது கட்டிடம் ஆகிவிடக் கூடாது. 160 ஏக்கர் திறந்த மண் இந்த நகரத்துக்கு இனிமேல் கிடைக்காது.

இன்னொன்று. ஆடியவர்களுக்கு வேறு மைதானம் கிடைக்கும். காரில் ஏறினால் போய்ச் சேரலாம். அந்தப் புல்லை வெட்டியவர்களுக்கும், பை சுமந்தவர்களுக்கும் பிழைப்பே அந்த மண்தான். பூங்காவுக்குக் காவல், தோட்ட வேலை என்று ஆள் எடுக்கும்போது அவர்களுக்கு முதல் இடம் கொடுத்தால் என்ன?

தயவுக்காக அல்ல. எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் வடியும் என்று என்ஜினீயர் அளந்துதான் சொல்ல வேண்டும். தோளில் பையோடு அந்தத் தரையில் வருஷக் கணக்கில் நடந்தவருக்கு அது கால் பழக்கம்!