'கடன் வாங்காதே, எஃப்.டி. போடு': வீட்டில் கற்ற பணப் பாடம் எந்தக் காலத்துக் கணக்கு?

சம்பளம் கிரெடிட் ஆகிவிட்டதாக போனில் மெசேஜ் வருகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலருக்கு முதல் வேலை ஊருக்குப் பணம் அனுப்புவது. சிலர் ஆர்.டி. போக மிச்சம் இருப்பதைத்தான் சம்பளம் என்றே நினைப்பார்கள். இன்னும் சிலர், மூன்று வாரமாக கார்ட்டில் காத்திருக்கும் ஷூவை ஆர்டர் பண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒரே டீம், ஒரே பதவி, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஒருவர் கையில் ஃபிளாட்டுக்கு முன்பணம் இருக்கிறது, இன்னொருவருக்கு கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது.

'அவனுக்கு ஓட்டைக் கை', 'அவ சரியான கஞ்சம்' என்று இதைக் குணத்தின் மேல் போட்டுவிடுவது நம்ம வழக்கம். குணத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வளர்ந்த வீட்டில் பணம் எப்படிப் புழங்கியது, பெரியவர்கள் எதற்குப் பயந்தார்கள், எதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதற்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. நம் வீட்டு விதிகளில் பல, யாரோ ஒருவர் ஏதோ ஒரு வருஷத்தில் பட்ட அடியிலிருந்து வந்தவை. அடி ஆறிவிட்டது, பட்ட கதையும் மறந்துபோச்சு. விதி மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்பாவின் 12 சதவீதம்

"எஃப்.டி.யே போதும்பா, எதுக்கு ரிஸ்க்?" என்று அப்பா சொல்லும்போது, அவர் மனதில் இருக்கும் வட்டி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 1986 முதல் 2000 ஜனவரி வரை பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். 2020 ஏப்ரலில் இருந்து அது 7.1 சதவீதம். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானபோது, போட்ட பணம் ஐந்தரை வருஷத்தில், அதாவது 66 மாதத்தில் இரட்டிப்பானது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு அதே பத்திரம் இரட்டிப்பாக 115 மாதம் ஆகும். தபால் நிலையத்தில் போட்டு வைத்தாலே பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் தயார் என்ற நம்பிக்கை அந்த 66 மாதத்தில் பிறந்தது.

இதில் கொஞ்சம் மாயமும் உண்டு. அந்த வருஷங்களில் விலைவாசியும் சும்மா இருக்கவில்லை. 1991-ல் சில்லறைப் பணவீக்கம் 13 சதவீதத்தையே தாண்டியது. பணம் இரட்டிப்பானது நினைவில் நிற்கிறது, பருப்பு விலை ஏறியது நிற்பதில்லை. அதனால் அன்றைய எஃப்.டி. அப்பா நினைக்கிற அளவுக்கு லாபம் தரவில்லை என்று நீங்கள் வாதாடலாம். வாதாடி ஜெயித்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. முதிர்வு தேதியில் சொன்ன தொகை சொன்னபடி கைக்கு வந்தது, அதுதான் அவருக்குப் பதிந்தது.

'கடன் வாங்காதே' என்பதும் இதே ரகம். 90-களில் வீட்டுக் கடன் வட்டியே 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பேங்க் வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கு வட்டிக்காரர்தான் கதி. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுப்பதற்காகவே 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கடன்காரன் வாசலில் வந்து சத்தம் போட்ட தெருவில் வளர்ந்தவருக்கு, ஹோம் லோனும் மீட்டர் வட்டியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் தெரியும்.

சூடு பட்ட வீடுகள்

90-களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. வருஷத்துக்கு 24 சதவீதம், அதற்கும் மேலே என்று வட்டி ஆசை காட்டின. ரிட்டயர்மென்ட் பணத்தையும், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததையும் கொண்டுபோய்ப் போட்டவர்கள் ஏராளம். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்களைக் காக்க 1997-ல் டான்பிட் என்று அழைக்கப்படும் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. அந்த வீடுகளில் அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று முப்பதுகளின் பின்பாதியிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். 'பேங்க் தவிர வேற எங்கயும் போடாதே' என்ற வாக்கியத்தை அவர்கள் வகுப்பில் படிக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டார்கள்.

நாடு முழுக்க இதற்கு இணையான ஒரு சூடு யூனிட் 64. அரசாங்கத்தின் திட்டம் போலவே நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்த அந்த யு.டி.ஐ. திட்டத்தில், 2001 ஜூலையில் யூனிட்டுகளை வாங்குவதும் திருப்பித் தருவதும் திடீரென்று நிறுத்தப்பட்டன. மியூச்சுவல் ஃபண்டு என்றதும் சில வீடுகளில் முகம் சுளிப்பதற்குக் காரணம் தேடினால், பீரோவுக்குள் ஒரு பழைய யூனிட் சான்றிதழ் கிடைக்கலாம்.

இப்படி ஒரு அனுபவம் எவ்வளவு காலம் மனதில் தங்கும்? பொருளாதார அறிஞர்கள் உல்ரிகே மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகெலும் அமெரிக்கக் குடும்பங்களின் பல பத்தாண்டுத் தரவுகளை அலசி 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் வாழ்நாளில் பங்குச்சந்தை மோசமாக இருந்ததைப் பார்த்தவர்கள், பிறகும் பங்குகளில் குறைவாகவே பணம் போட்டார்கள். சமீபத்திய அனுபவத்தின் பாதிப்பு அதிகம்தான். ஆனால் இளம் வயதில் பார்த்ததன் தடம் பல பத்தாண்டு கழித்தும் முழுசாக அழியவில்லை. புள்ளிவிவரத்தை எல்லோரும் படிக்கலாம், பட்டவர்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி படிக்கும்.

உண்டியலை உடைத்தது யார்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றி ஏதாவது ஒரு ஆபீஸ் டிரெய்னிங்கில் கேட்டிருப்பீர்கள். குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். இப்பவே சாப்பிடலாம், கொஞ்ச நேரம் பொறுத்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்த குழந்தைகள் பின்னாளில் வாழ்க்கையில் ஜெயித்தார்கள், ஆகவே மன உறுதிதான் எல்லாம் என்று கதை முடியும். 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து இதை மறுபடி சோதித்தார்கள். பழைய முடிவில் பாதி பலம்தான் தென்பட்டது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி காணாமல் போனது.

அதைவிட நமக்கு முக்கியமானது 2013-ல் வெளிவந்த ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. சின்ன ஆய்வுதான், 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் அவர்களுக்குப் படம் வரையும் வேலை கொடுத்தார்கள். 'நல்ல கலர்கள் கொண்டு வர்றேன், இரு' என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர், பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பாதிக்கு, 'ஸாரி, இல்லையாம்' என்று வெறுங்கையோடு திரும்பினார். பிறகு மிட்டாய் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். முழுசாக 15 நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14-க்கு 9, இரண்டாவதில் ஒரே ஒருவர்.

இதை நம்ம வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். உண்டியலில் சேர்த்த காசை மாசக் கடைசியில் 'அப்புறம் தர்றேன்டா' என்று எடுத்துக்கொண்டு, அந்த 'அப்புறம்' வரவே வராத வீடுகள் எத்தனை? பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த நூறு ரூபாயை 'பத்திரமா வெச்சிருக்கேன்' என்று வாங்கிய அம்மாவிடம் யாராவது கணக்கு கேட்டதுண்டா? பெரியவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காசு அரிசிக்கோ ஸ்கூல் ஃபீஸுக்கோதான் போயிருக்கும். ஆனால் குழந்தை படித்துக்கொண்ட பாடம் வேறு: கையில் மிச்சம் இருந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள், இருக்கும்போதே செலவழித்துவிடு. அந்தக் குழந்தை வளர்ந்து மாசம் எண்பதாயிரம் சம்பாதிக்கிறது. இருபதாம் தேதிக்குள் அக்கவுண்ட் காலி. 'சேமிக்கத் தெரியல' என்று திட்டினால் அதற்கு ஒன்றும் உறைக்காது. சேமித்தது கையில் தங்கும் என்ற அனுபவமே அதற்குக் கிடைத்ததில்லை.

இதற்கு நேர் எதிர் முனையும் உண்டு. தட்டுப்பாட்டில் வளர்ந்து, இன்று கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் இருந்தும் பல் டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள். ஆட்டோவுக்கு 120 ரூபாய் கொடுக்கும்போது மனசு வலிக்கிறவர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ரிக்கும் அவரது சக ஆய்வாளர்களும் இவர்களைப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும்போது ஏற்படும் வலி சிலருக்கு மிக அதிகம், சிலருக்கு மிகக் குறைவு. 5 முதல் 10 வயதுக் குழந்தைகளிடமே இந்த வித்தியாசம் தெரிகிறது, அவர்கள் கையில் இருக்கும் காசை என்ன செய்கிறார்கள் என்பதையும் அது பாதிக்கிறது என்று 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

பேசாத வீடு, ஒளித்த பணம்

அப்பா சம்பளம் எவ்வளவு என்று பத்தாம் வகுப்பு வரை தெரியாமல் வளர்ந்தவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்போம். 'அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ படி.' நல்லெண்ணம்தான். ஆனால் பேச்சு இல்லாத இடத்தில் குழந்தைகள் முகத்தைப் படிக்கிறார்கள். முதல் வாரத்தில் சிரிப்பு, நாலாவது வாரத்தில் சிடுசிடுப்பு. பணம் என்றாலே ஒரு பதற்றம் என்பது அப்படித்தான் உடம்பில் ஏறுகிறது.

அம்மாக்களின் கணக்கு இன்னும் ரகசியம். அஞ்சறைப் பெட்டி, புடவை மடிப்பு, அரிசி டின். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்காகச் சேர்ந்த அந்தப் பணம், 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வர வேண்டியதாயிற்று. 'இவ்வளவு சேர்த்து வெச்சிருந்தியா?' என்று பல வீடுகளில் ஆச்சரியத்தோடும், சில வீடுகளில் கோபத்தோடும் கேட்டார்கள். அதைப் பார்த்த மகள்கள் பலருக்கு இன்று வேலையும் சொந்த அக்கவுண்ட்டும் இருக்கிறது. இருந்தும் கணவருக்குத் தெரியாமல் தனியாக ஒரு ஆர்.டி. ஓடுகிறது. தன் பெயரில் எதுவும் இல்லாத ஒரு அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஆர்.டி. ஒரு கதவுச் சாவி மாதிரி. அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளும் கணவர்கள் இந்தப் பின்னணியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தங்கத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017-ல் கொடுத்த அறிக்கைப்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம் போன்றவற்றில் இருந்தது. தங்கம் 11 சதவீதம். பேங்க், பங்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து வெறும் 5. இதைப் பார்த்து நிதி ஆலோசகர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் தேவைப்பட்ட அன்று அடகுக் கடையில் வைத்துச் சாயங்காலமே ஆஸ்பத்திரி பில் கட்ட உதவியது வளையல்தானே?

இரண்டு வீடுகள் ஒரு வீட்டில்

வளர்ப்பின் வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிவது கல்யாணத்துக்குப் பிறகு. செலவாளியும் கைப்பிடிப்பானவரும் ஒருவரை ஒருவர் ஈர்ப்பது சகஜம், ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு பெரிசோ அவ்வளவு பணச் சண்டை என்று ஸ்காட் ரிக் குழுவின் 2011 ஆய்வு காட்டியது. நம்ம ஊரில் இதோடு இன்னொன்று சேரும்: பெற்றோருக்குக் கொடுக்கும் பணம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்த பெற்றோருக்குப் பழைய பென்ஷன் உண்டு. கடை வைத்திருந்த, தனியார் கம்பெனியில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பெரும்பாலும் பிள்ளைதான் பென்ஷன். முதல் வகை வீட்டில் வளர்ந்தவருக்கு 'மாசாமாசம் ஏன் இவ்வளவு அனுப்பணும்?' என்பது இயல்பான கேள்வி. இரண்டாம் வகை வீட்டில் வளர்ந்தவரின் காதில் அது அவமானமாக விழும். இருவரும் தொகையைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் மாறாதா?

மாறும். ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களின் சேமிப்பை ஆராய்ந்த ஹென்ரிக் க்ரோன்க்விஸ்ட், ஸ்டீஃபன் சீகல் இருவரும் 2015-ல் வெளியிட்ட முடிவு இது: மனிதர்களுக்கிடையே உள்ள சேமிப்புப் பழக்க வித்தியாசத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மரபணு சார்ந்தது. பெற்றோர் வளர்ப்பின் தாக்கம் இளைஞர்களிடம் தெரிகிறது. நடுத்தர வயதில் அது வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. ஸ்வீடனில் பென்ஷனும் மருத்துவமும் அரசு பார்த்துக்கொள்ளும், நாற்பது வயதுப் பிள்ளையிடம் அப்பா எஃப்.டி. பற்றிப் பேசுவதும் அபூர்வம். அதனால் இங்கே தேய இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கலாம். ஆனால் வீட்டின் பிடி அதிகமாக இருக்கும் வயதில்தான் பெரிய முடிவுகளும் வருகின்றன: முதல் லோன், கல்யாணச் செலவு, பெற்றோருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். வீட்டு விதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த வருஷத்தில் பிறந்தது என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். 'ஏன் இப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் சண்டை வரும். 'அன்னிக்கு என்னப்பா ஆச்சு?' என்று கேட்டால் கதை வரும். பிறகு அந்த விதியை இன்றைய கணக்கோடு வைத்துப் பாருங்கள். சில விதிகள் தேறும்: 40 சதவீதத்தைத் தொடும் கிரெடிட் கார்டு வட்டியைப் பார்த்தால், கடனைக் கண்டு பயந்த தாத்தா சொன்னது சரிதான். சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கும். 'பேங்க்ல போட்டா மொத்தமும் சேஃப்' என்று நம்பும் அப்பாவிடம், ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் இருக்கும் டெபாசிட்டுக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்று சொல்லுங்கள். 2020 பிப்ரவரி வரை அதுவும் 1 லட்சம்தான். ரிட்டயர்மென்ட் பணம் முழுவதையும் அவர் ஒரே கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்திருந்தால், இந்த வாரக் கடைசியிலேயே பேச வேண்டிய விஷயம் அதுதான்.