உருவ ரொட்டி: பார்வைக்கு ஒன்று, பசிக்கு ஒன்று

ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்கு வாங்கிக் கொடுக்கும் பண்டம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பேக்கரி இல்லாத கடைத்தெருவைக் காண்பது இன்று அரிது. ஆனால் நம் மளிகைக் கடைகளில் விற்கும் ரொட்டி பெரும்பாலும் கம்பெனி வேனில் வந்து இறங்குவது. அதில் நமக்கு நிற்கும் கமிஷன் சொற்பம். தேதி கடந்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பதில் தினமும் ஒரு தகராறு. கம்பெனி வேன் கொண்டுவர முடியாத ஒரு சரக்கு உண்டென்றால், அது பக்கத்துத் தெரு பேக்கரியில் காலையில் கையால் செய்து மாலைக்குள் விற்றுத் தீரும் உருவ ரொட்டிதான். அதைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறோம்.

இரண்டு வகை

பெரிய ஓட்டல்களின் விருந்து மேஜையிலும் திருமண வரவேற்புகளிலும் முதலை, ஆமை, மீன் உருவங்களில் ரொட்டி வைத்திருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று தின்பதற்கு, மற்றது காட்சிக்கு.

காட்சி ரொட்டிக்கான மாவில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. ஈஸ்ட் இருந்தால் மாவு உப்பி, செதுக்கிய கோடுகள் மறைந்து உருவம் கெட்டுவிடும். இரண்டு படி மைதாவுக்கு ஒரு படி உப்பு, ஒரு படி தண்ணீர் என்ற கணக்கில் பிசைவது ஒரு முறை. உப்புக்குப் பதில் சர்க்கரைப் பாகு விட்டுப் பிசைவது இன்னொரு முறை. குறைந்த சூட்டில் பல மணி நேரம் காயவிட்டு எடுத்தால் மரக்கட்டை போல் இறுகிவிடும். அதன்மேல் வார்னிஷ் பூசினால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் கடலோரக் காற்றில் ஓர் இடைஞ்சல் உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும் பொருள். மழைக்காலத்தில் மாமல்லபுரம், கோவளம் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வைத்த உப்புமாவு உருவம் இளகித் தொங்கிவிடும்.

தின்னும் உருவ ரொட்டி வேறு. அது சாதாரண இனிப்பு பன் மாவுதான். தண்ணீரைச் சற்றுக் குறைத்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும், அவ்வளவே. மாவு உருண்டையை நீளமாக இழுத்து, முதுகில் கத்தரிக்கோலால் வரிசையாக நறுக்கி நிமிர்த்தினால் முதலை. வட்ட பன்னுக்கு நான்கு காலும் ஒரு தலையும் சிறு உருண்டைகளாக ஒட்டி, மேலே பிளேடால் கட்டம் கீறினால் ஆமை. கண்ணுக்கு உலர்ந்த திராட்சை. பளபளப்புக்கு முட்டையோ பாலோ தடவலாம்.

பிற ஊர்களில்

இங்கிலாந்தில் அறுவடைத் திருநாளுக்குக் கோதுமைக் கதிர்க்கட்டு வடிவில் பெரிய ரொட்டி சுட்டுத் தேவாலயத்தில் வைப்பது பழைய வழக்கம். கதிர்க்கட்டின்மேல் ஒரு சுண்டெலியையும் மாவிலேயே செய்து ஒட்டுவார்கள். அது காட்சிக்கு.

இலங்கையில் பாண் கடைகளில் கிம்புலா பணிஸ் என்று ஒன்று விற்கிறது. கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. நீளமாகச் சுருட்டி மேலே சர்க்கரை தூவிய பன் அது. முதலைக்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. பெயரும் வடிவமுமே அதை விற்றுக் கொடுக்கின்றன. நாள்தோறும் தேநீருக்கு வாங்கும் பண்டமாக அது நிலைத்துவிட்டது.

நம் மாநிலத்தில் இராமநாதபுரத்து பேக்கரி ஒன்று ஆண்டு முடிவில் கேக்கில் ஆள் உயரச் சிலை செய்து வைப்பதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். கால்பந்து வீரர் மாரடோனா 2020 நவம்பரில் காலமானார். அடுத்த மாதமே அவருக்கு 6 அடி உயரக் கேக் சிலை வைத்தார்கள். 60 கிலோ சர்க்கரையும் 270 முட்டையும் அதற்குப் பிடித்ததாகச் செய்தி. அந்தச் சிலை கடை வாசலுக்குக் கூட்டத்தை இழுத்தது. கூட்டம் வாங்கிப் போனது உள்ளே இருந்த சாதாரணச் சரக்கை. காட்சிச் சரக்கின் உபயோகம் அதுவே.

கணக்கு

ஒரு கிலோ மைதாவுக்கு 150 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய் அல்லது வனஸ்பதி, அரை லிட்டர் தண்ணீர், ஈஸ்ட், உப்பு என்று வைத்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ மாவு கிடைக்கும். 60 கிராம் வீதம் உருட்டினால் 25 பன்னுக்குக் குறையாது. உருண்டை பன்னாக விற்றாலும் ஆமையாக விற்றாலும் சரக்குச் செலவு ஒன்றே. கூடுவது கைவேலை மட்டும். ஆகவே விலையில் கூடுதலாகக் கிடைப்பது அந்தக் கைவேலைக்கான கூலியும் அதன்மேல் நமக்குள்ள லாபமும்தான். மாஸ்டருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வாங்கும் ஆளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. வடநெம்மேலியில் 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. நம் கடற்கரையில் ஆண்டுதோறும் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. மாமல்லபுரத்தில் யானையும் சிங்கமும் கல்லிலேயே நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவற்றைப் பார்க்க வருகிறவர்கள் வழியில் ஏதாவது வாங்கத்தான் செய்வார்கள்.

எச்சரிக்கை

முதலாவது, காட்சி ரொட்டியையும் தின்னும் ரொட்டியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உப்புமாவு உருவத்தைக் குழந்தை கடித்தால் வாயில் போவது உப்பும் வார்னிஷும். கண்ணாடிக்குள் வைத்து, "விற்பனைக்கு அல்ல, உண்ணக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, வண்ணம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை வந்தது. பச்சை முதலை கேட்கிறார்கள் என்று கண்ட பொடியைக் கலந்தால் அதே கதிதான். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், பழுப்புக்குக் கோகோ, பச்சைக்குக் கீரைச் சாறு போதும்.

மூன்றாவது, மாவைக் கெட்டிப்படுத்தப் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016-ல் தடை செய்யப்பட்டது. "இம்ப்ரூவர்" என்று பெயரில்லாத பாக்கெட்டில் வருவதை நாமும் விற்கக் கூடாது, பேக்கரிக்காரரும் வாங்கக் கூடாது.

நான்காவது, வரி. வெறும் ரொட்டிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு இருந்த 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னிலையில் ஓர் ஓட்டல்காரர் கேட்ட கேள்வி நாடு முழுதும் பேசப்பட்டது நினைவிருக்கும். விகிதம் குறைந்தாலும் வகை பிரிப்பது போகவில்லை. முதலையின் வயிற்றில் கிரீம் வைப்பதானால், பில் போடுமுன் கணக்கரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உறையில் போட்டு விற்றால் தயாரித்தவர் பெயர், முகவரி, எடை, தேதி, விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். உருவம் அழகாக இருப்பதால் எடை குறையலாம் என்று சட்டம் சொல்லவில்லை.

தொடங்குவது எப்படி

பக்கத்து பேக்கரியோடு பேசி, சனி ஞாயிறு இரண்டு நாள் மட்டும் 20 உருப்படி வாங்கி வைத்துப் பாருங்கள். மீதியாவதைத் திருப்புவது எப்படி என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். நான்கு வாரத்தில் நிலவரம் தெரிந்துவிடும். விற்றால் பேக்கரிக்காரருக்கு வேலை, நமக்கு லாபம், மைதா விற்பவருக்கும் ஒரு மூட்டை கூடுதல். விற்காவிட்டால் நஷ்டம் சில பன்களோடு போகும்.