புகைக்குண்டைத் தூக்குவது புகையா?

சித்திரைப் பௌர்ணமியில் வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயிலையொட்டி நடைபெறும் இந்திர விழாவை அறியாதார் யாழ்ப்பாணத்தில் அரியர். அங்கு வானில் விடப்படும் புகைக்குண்டைக் கண்டு கைகொட்டாத சிறுவரும் இலர். தாளை ஒட்டிச் செய்த அப்பெருங்குண்டு மேலெழுவது எதனால்? "உள்ளே புகை நிறைந்திருப்பதனால்" என்றே பலரும் விடையிறுப்பர். பெயரும் அவ்வாறே எண்ணச் செய்கின்றது. உண்மை அதுவன்று.

1783ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் இத்தகைய குண்டைப் பறக்கவிட்டு உலகப் புகழ் பெற்ற மொங்கொல்பியே சகோதரர்களும் புகையின் ஆற்றலே அதனைத் தூக்குவதென நம்பினர். அதே ஆண்டில் ஐதரசன் வாயு நிறைத்த குண்டில் வானேறிய சாள்ஸ் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் விதியே உண்மையை விளக்குகின்றது. அமுக்கம் மாறாதிருக்குமாயின், வாயுவின் வெப்பநிலை உயரும் அதே விகிதத்தில் அதன் கனவளவும் பெருகும் என்பதே அவ்விதி. இங்கு வெப்பநிலையைக் கெல்வின் அளவிற் கொள்ளல் வேண்டும். செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டினால் அது கிடைக்கும்.

வெளிக்காற்று 30 பாகை, குண்டினுள் 90 பாகை எனக் கொள்வோம். அவை முறையே 303, 363 கெல்வின் ஆகும். எனவே 5 கன மீற்றர் காற்று ஏறக்குறைய 6 கன மீற்றராக விரியும். குண்டின் வாய் திறந்திருப்பதால் அமுக்கம் கூடாது. இடங்கொள்ளாத காற்று வெளியேறிவிடும். 10 கன மீற்றர்க் குண்டொன்று இவ்வாறு ஏறத்தாழ 2 கிலோகிராம் காற்றை இழக்கும். தாளும் சட்டமும் அதனிலும் இலேசாயின் குண்டு எழும். புகையிலுள்ள கரித்துகள்களோ சுமையே அன்றித் துணையல்ல. வெளிக்காற்றுக் குளிர்ந்திருக்குமளவு தூக்கும் விசை மிகும். ஆதலால் நண்பகலினும் இரவே உகந்தது.

வாய் மூடியிருப்பின் நிகழ்வது யாது? துவிச்சக்கர வண்டியின் ரியூப்பை நோக்குக. அது மிக விரிய இடமில்லை. 30 பாகையிலிருந்த காற்று வெயிலில் 60 பாகையாகச் சூடேறின், உள்ளமுக்கம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு உயரும். அளவுக்கு மிஞ்சிக் காற்றடைத்த பழைய ரியூப் வெடிக்கவுங் கூடும். வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லும் பெரியோர் வாக்கு விஞ்ஞானத்துக்கும் ஒத்ததே.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். உட்காற்று ஆறினால் அது சுருங்கும், வெளிக்காற்று உட்புகும், குண்டு இறங்கும். நெருப்பைத் தாங்கிச் செல்லும் குண்டு இடையிற் கிழிந்தால் எரிந்துகொண்டே விழும். சித்திரை வெயிலிற் காய்ந்த ஓலைக் கூரைக்கும் கிடுகு வேலிக்கும் ஒரு பொறியே போதும். ஆகையால் காற்று வீசும் திசையறிந்து, பெரியோர் முன்னிலையில், குடிமனைகளுக்கு அப்பால் விடுவதே முறை.