குழாய்க்குள் பூத்த மூங்கில்

பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கில்களை மறந்திருக்கமாட்டார்கள். இங்கே இலண்டனிலும் கியூ பூங்காவில் 1891இல் தொடங்கிய மூங்கில் தோட்டம் ஒன்று உண்டு. பிள்ளைகளோடு போகும் எம்மவர் பலர் கண்ணாடிப் பனை மண்டபத்தைப் பார்த்துவிட்டே திரும்பிவிடுகிறார்கள் என்பது எமக்குக் குறைதான்.

மூங்கிலைப் பெருக்குவது கமக்காரருக்கு என்றும் தலையிடி. பல இனங்கள் முப்பது நாற்பது வருடம், சில நூறு வருடத்துக்கு மேலும் காத்திருந்து ஒரேயொரு தடவை பூத்து, விதை தந்து, பட்டுப்போகும். விதைக்குக் காத்திருக்க ஓர் ஆயுள் போதாது. கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடலாம். பாரமான வேலை, கிடைப்பதோ சில கன்றுகள்.

இதற்கு வழிதான் இழைய வளர்ப்பு. அரும்புள்ள சிறு கணுத் துண்டைக் கிருமி நீக்கிக் கழுவி, சீனியும் உப்புச் சத்துகளும் ஓமோன்களும் கலந்த ஊடகத்தில், மூடிய போத்தலில் வைப்பார்கள். ஒன்று பல தளிராகும். தளிர்களைப் பிரித்து மீண்டும் வளர்த்து, வேர்விடச் செய்து, ஈரப்பதன் நிறைந்த கூடத்தில் மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்குவார்கள். போத்தலுக்குள் ஒரு பூஞ்சணம் புகுந்தால் எல்லாம் போச்சு.

1990இல் புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நட்கௌடா, பரஷராமி, மஸ்கரேனஸ் ஆகிய மூவரும், இலண்டனில் வெளியாகும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு வியப்பை எழுதினார்கள். அவர்களது மூங்கில் தளிர்கள் சில மாதங்களிலேயே குழாய்க்குள் பூத்து விதையும் தந்தன. ஊடகத்தில் சேர்த்தவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? எங்கள் தேங்காய்த் தண்ணீர்! பல்லாண்டு காத்திராமல் இனங்களைக் கலந்து புதுரகம் உண்டாக்க இது கதவு திறந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஒரே தாயிலிருந்து பிரித்த கன்றுகள் தாயின் வயதையும் கொண்டு வருகின்றன. வில்சன் என்பவர் 1907இல் சீனாவில் சேகரித்து, மகள் மியூரியலின் பெயரைப் பெற்ற மூங்கில், கிழங்கு பிரித்தே ஐரோப்பாத் தோட்டங்களில் பரவியது. 1990களில் அவை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் அடுத்தடுத்துப் பூத்துப் பட்டன. ஆய்வுகூடக் கன்றுக்கும் இது பொருந்தும். முதிர்ந்த தாயின் இழையத்தில் ஒரு காட்டையே நட்டால், காடு முழுவதும் ஒன்றாகச் சாகலாம்.

தோட்டத்துக்கு மூங்கில் வாங்குவோர், அது புதராக நிற்கும் இனமா, வேரோடிப் பரவும் இனமா என்று கடையில் கேளுங்கள். பரவும் இனம் வேலிக்குக் கீழால் அயலவர் வளவுக்குள் போய் வழக்கு வரை இழுக்கும். அதைத்தான் வேண்டுமென்றால் பெரிய தொட்டியில் வையுங்கள்.