குதிகாலில் எடுத்த ரத்தம்

சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரியில், பிறந்து நான்கு நாளான ஒரு பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை. உள்ளங்கால் மட்டும் சில்லிட்டிருக்கிறது. "பிள்ளை சொணங்கிக் கெடக்கு" என்கிறாள் ஆச்சி. அறிகுறி அவ்வளவுதான். ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். குளிர் பட்டிருக்கலாம். அல்லது கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே.

மூன்றாவதுதான் செப்சிஸ். கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, நிலைதவறி உடலின் உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கும் நிலை அது. பச்சிளங்குழந்தைக்குச் சில மணி நேரத்தில் முற்றிவிடும். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஊரார் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே பிள்ளையைக் கொண்டு சேர்த்ததும் மருத்துவர் தேடும் விடை, பிள்ளையின் ரத்தத்தில்தான் இருக்கிறது.

ஆனால் எவ்வளவு ரத்தம் எடுக்க முடியும்? மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 250 மில்லி ரத்தம். குறைமாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தைக்கு 80 முதல் 90 மில்லி; டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கூட அதில் நிரம்பாது. அந்தக் குழந்தையிடம் ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் 55 மில்லிக்கு மேல் எடுப்பதற்குச் சமம். அதனால்தான் இந்தத் துறையின் சாமர்த்தியமெல்லாம் சொட்டுக் கணக்கில் இருக்கிறது. பிறக்கும்போதே சந்தேகம் எழுந்தால், சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடியில் மிஞ்சியிருக்கும் ரத்தத்தையே சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தையிடமிருந்து ஒரு சொட்டும் எடுக்க வேண்டியதில்லை.

கிருமியை நேரடியாகப் பிடிக்கும் சோதனை பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஊட்டக் கரைசல் உள்ள பாட்டிலில் ஒரு மில்லி ரத்தத்தைச் செலுத்தி, உடல் வெப்பத்தில் வைக்கிறார்கள். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். அந்த வாயு பட்டால் பாட்டிலின் அடியில் உள்ள வட்டத் தகடு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும் வகை ஒன்று உண்டு. இயந்திரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு நான்கு கிருமிகூட இருக்காது. அரை மில்லி மட்டும் எடுத்தால் கிருமி அதில் அகப்படாமலே போகலாம். ஊசி குத்திய தோலில் இருந்த கிருமி உள்ளே போய், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டவும் கூடும். எல்லாம் சரியாக நடந்தாலும் பாட்டில் பதில் சொல்ல 24 முதல் 36 மணி நேரம் ஆகிறது. பிள்ளை அவ்வளவு நேரம் தாங்காது. எனவே மருந்தை உடனே தொடங்கிவிடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் கிருமியைத் தேடுவதை விட்டு, கிருமிக்கு உடல் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கிறார்கள்.

1980இல் அமெரிக்காவில் பிலிப், ஹெவிட் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். தனியாக எந்தச் சோதனையையும் நம்பாமல் ஐந்தைச் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டாவது தப்பிப்போயிருந்தால் செப்சிஸ் என்று சந்தேகப்படுங்கள். இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் 'செப்சிஸ் ஸ்கிரீன்' என்று செய்வது ஏறக்குறைய இதே அச்சில் வார்த்ததுதான்.

முதலில் வெள்ளணுக்கள். பெரியவருக்கு வெள்ளணு ஏறினால் பயப்படுவோம். பிறந்த குழந்தைக்கோ முதல் நாளில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 20,000 இருப்பதும் இயல்பு. 5,000க்குக் கீழே இறங்கினால்தான் அதிகக் கவலை. காரணம், குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் வெள்ளணு இருப்பு சொற்பம். கிருமியோடு போராடி அது சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மஜ்ஜை முதிராத அணுக்களையும் வெளியே அனுப்புகிறது. முதிர்ந்த நியூட்ரோஃபில் அணுவின் உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருக்கும். முதிராததில் ஒரே வளைந்த பட்டையாக இருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார் ஆய்வக நுட்பர். ஐந்தில் ஒன்றுக்கு மேல் முதிராததாக இருந்தால் அது எச்சரிக்கை. உருவத்தைப் பார்த்தே மஜ்ஜையின் நெருக்கடியை அறிந்துவிடுகிறார்கள்!

இந்த ஐந்தில் என்னை மிகவும் கவர்ந்தது மைக்ரோ ஈ.எஸ்.ஆர். மின்சாரம்கூட வேண்டாம். சுமார் 75 மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள கண்ணாடிக் குழாயைக் குதிகாலில் குத்தியதும் வந்த ரத்தத்தில் தொட்டால், ரத்தம் தானே ஏறிக்கொள்ளும். அடியை அடைத்து, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பணுக்கள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று ஸ்கேலால் அளக்க வேண்டியதுதான். 15 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் சந்தேகம். ஏன் இறங்குகிறது? சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகியே மிதக்கும். உடலில் அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் பெருகி அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, எடை கூடி, வேகமாக இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத புரதத்தின் அளவை ஈர்ப்பு விசையைக் கொண்டே அளந்துவிடுகிறோம்.

அடுத்தது சி.ஆர்.பி. என்ற சி-ரியாக்டிவ் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்ற பகுதியைக் கலந்தபோது அது திரிந்து படிந்தது. நோயாளி தேறியதும் அந்தக் குணம் மறைந்துவிட்டது. கிருமி வந்த செய்தி கிடைத்ததும் கல்லீரல் தயாரிக்கும் புரதம் இது. ஆயிரம் மடங்குவரை ஏறக்கூடியது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக இது குழந்தைக்குப் போகாது. குழந்தையின் ரத்தத்தில் இருப்பது முழுக்கக் குழந்தை தயாரித்ததே. இதன் பாதி, ஏறத்தாழ 19 மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். நோய் கடுமையானாலும் தணிந்தாலும் இந்த வேகம் மாறுவதில்லை. ஆகவே அளவு இறங்கினால், கல்லீரல் தயாரிப்பைக் குறைத்துவிட்டது என்றே பொருள். குறை ஒன்றுதான்: ஏறத் தொடங்கவே ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். பிள்ளை வந்த உடனே பார்த்த சி.ஆர்.பி. சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பப் பின்னாளில் வந்து சேர்ந்தது புரோகால்சிடோனின். வழக்கமாகத் தைராய்டு சுரப்பி கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்யும்போது இடையில் உருவாகும் மூலப்பொருள் இது. பாக்டீரியா தாக்கினால் உடலின் பற்பல திசுக்களும் இதைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் தெரியும். ஆனால் எந்த நோயும் இல்லாத குழந்தைக்கும் பிறந்த 24 மணி நேரத்தையொட்டி இது தானாகவே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அதனால் பிள்ளை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரியாமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

இத்தனை சோதனைகளும் மிக நம்பகமாகச் சொல்லும் விடை 'இல்லை' என்பதே. 'இருக்கிறது' என்பதைச் சந்தேகத்தோடுதான் சொல்கின்றன. கடினமான பிரசவமே சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும். ஆனால் 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி.யும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், செப்சிஸ் இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதை 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 'இல்லை' என்று துணிந்து சொல்ல முடிந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம். நம் நாட்டுக்கு இது எவ்வளவு அவசியம் என்பதற்கு, 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வே சான்று. தீவிர சிகிச்சைக்கு வந்த 13,530 குழந்தைகளில் 840 பேரின் ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அதிகம் அகப்பட்ட அசினடோபாக்டர் என்ற கிருமியில் பத்துக்கு எட்டு, பல மருந்துகளுக்கும் அடங்காத வகை. தேவையற்று ஏற்றும் ஒவ்வொரு மருந்தும் இத்தகைய கிருமிகளுக்கே இடம் கொடுக்கிறது.

நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நாடுகளில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 1,700க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் புரோகால்சிடோனினைப் பார்த்துப் பார்த்து மருந்தை நிறுத்திச் சோதித்தார்கள். வழக்கமான முறையில் ஏறத்தாழ 65 மணி நேரம் நீடித்த சிகிச்சை, அந்தப் பிரிவில் 55 மணி நேரமாகக் குறைந்தது.