வரி இல்லாத சங்கமும் வரிக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களுக்கு வருமான வரி கிடையாது என்னும் நம்பிக்கை நம் நிர்வாகிகளிடையே ஆழ வேரூன்றி நிற்கிறது. நெசவாளர் சங்கமாயினும், விளைபொருள் விற்பனைச் சங்கமாயினும், ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: "வரியே இல்லாதபோது கணக்குக் கொடுப்பானேன்?" கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் இதனுள் ஒரு சொற்குழப்பம் மறைந்திருக்கிறது. அதன் விலையை உறுப்பினர்களே கொடுக்க நேர்கிறது.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 80-பி பிரிவின் வாயிலாகச் சங்கங்களுக்கு அளித்தது விலக்கு அன்று, கழிவு. விலக்கு என்றால் அவ்வருமானம் கணக்கிலேயே சேராது. கழிவு என்றால், வருமானம் முழுவதையும் முதலில் காட்டிவிட்டு, இன்ன தொழிலால் வந்த இன்ன தொகையைக் கழிக்க வேண்டும் என்று சங்கமே கேட்டுப் பெற வேண்டும். கேளாத சங்கத்துக்குக் கிடையாது. முன்பெல்லாம் காலங்கடந்து கேட்பதற்கும் இடமிருந்தது. 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அவ்வாயிலை அடைத்தது. 2018-19 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்த சங்கத்துக்கே கழிவு என்றாயிற்று.

துணி உற்பத்தியில் 10 இலட்சம் ரூபாய் உபரி கண்ட ஒரு கைத்தறிச் சங்கத்தை எண்ணிக்கொள்வோம். கெடுவுக்குள் கணக்கு அளித்துக் கழிவைக் கோரினால் வரி ஒன்றுமில்லை. கெடு தவறினாலோ, முதல் 10,000 ரூபாய்க்கு 10 சதவீதமும், அடுத்த 10,000 ரூபாய்க்கு 20 சதவீதமும், எஞ்சியதற்கு 30 சதவீதமும், அதன்மேல் 4 சதவீதத் தீர்வையுமாக 3,08,880 ரூபாய் செலுத்த வேண்டிவரும். வட்டி தனி. பங்கு ஈவாகவும் போனஸாகவும் தறிக்காரர் வீடு சென்றிருக்க வேண்டிய பணம் இது.

தணிக்கைக்கு உட்பட்ட சங்கத்துக்குக் கெடு நாள் அக்டோபர் 31. மார்ச்சில் ஆண்டு முடிந்து ஏழு மாதம் இருக்கிறதே என்று எண்ணலாகாது. மாநிலக் கூட்டுறவுச் சட்டப்படியான தணிக்கை முடியாமல் வரிக் கணக்கு முடிவதில்லை. அத்தணிக்கையோ பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் பின்தங்குகிறது. இத்துயரம் டெல்லிக்கும் எட்டாமலில்லை. மாநிலத் தணிக்கைத் தாமதத்தால் கெடு தவறிய சங்கங்களின் மனுக்களைப் பரிசீலித்துத் தாமதத்தை மன்னிக்கலாம் என்று, 2023 ஜூலையில் வெளியிட்ட 13ஆம் எண் சுற்றறிக்கையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் உயர் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் அச்சுற்றறிக்கை 2018-19 முதல் 2022-23 வரையிலான ஐந்து மதிப்பீட்டு ஆண்டுகளுக்கே உரியது. அதனை நம்பி இனியும் காலந்தாழ்த்துவது பேதைமை. பேரேட்டை மே மாதத்திலேயே முடித்துத் தணிக்கையாளரிடம் எழுத்து மூலம் கோரிக்கை வைத்து, அதன் நகலைக் கோப்பில் சேர்த்துக்கொள்வதே நாம் கூறக்கூடிய வழி.

விளைவிப்போர் சங்கங்களுக்கு இன்னொன்று. உறுப்பினர் விளைவித்த பொருளை விற்ற ஆதாயத்துக்கே சட்டம் கழிவளிக்கிறது. வெளியார் சரக்கையும் அதனோடு கலந்தெழுதினால் பிரித்துக் காட்டுவது அரிது. வட்டியும் அவ்வாறே. கர்நாடகத்து டோட்கர்ஸ் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டிய விற்பனைப் பணத்தைக் கையில் வைத்து முதலீடு செய்து பெற்ற வட்டி 'பிற வருமானமே' என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறொரு கூட்டுறவுச் சங்கத்தில் இட்ட வைப்பின் வட்டிக்குத் தனி உட்பிரிவு உண்டு. ஆகவே வட்டிக்கென ஒரே தலைப்பு வைத்திருக்கும் பேரேடு இனி உதவாது.

சரக்கு-சேவை வரியிலும் வெளிப்படுத்த வேண்டியவை பெருகி வருகின்றன. 2021 ஏப்ரல் 1 முதல், 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட விற்பனையுள்ளவர்களும், பதிவு பெற்ற வணிகருக்கு எழுதும் பட்டியலில் பொருளின் நான்கு இலக்கக் குறியீட்டைக் காட்ட வேண்டும். இங்கே நெசவாளர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பருத்தி 85 சதவீதத்துக்குக் குறையாத துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை எடையிருந்தால் 5208. அதற்கு மேற்பட்டால் 5209. ஒரே தறியில் மெல்லியதும் கனத்ததும் நெய்தால் எண் இரண்டாகிறது. குறியீட்டை எழுத்தர் ஊகத்துக்கு விடாமல், துணியை நிறுத்துப் பார்த்தே எழுதுதல் வேண்டும். மின்னணுப் பட்டியல் முறையோ 2020இல் 500 கோடி விற்பனையுள்ளோருக்கு எனத் தொடங்கி, 2023 ஆகஸ்டுக்குள் 5 கோடிக்கு இறங்கிவிட்டது.

எல்லாம் சுமையே என்று எண்ண வேண்டா. சிறு உற்பத்தியாளருக்கு உரிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகம் போனால் 45 நாளுக்குள்ளும், இல்லையேல் 15 நாளுக்குள்ளும் கொடாத வணிகர், அதனைக் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது என்னும் விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. தணிக்கை அறிக்கையிலும் அவர் அதனை வெளிப்படுத்த வேண்டும். 'உத்யம்' பதிவு பெற்று, அவ்வெண்ணைப் பட்டியலிலேயே அச்சிடும் சங்கத்துக்குப் பாக்கி வசூலில் இது நல்ல துணை.

2026 ஏப்ரல் 1ஆம் நாளை நடைமுறை நாளாகக் கொண்டு 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியிருக்கிறது. 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' என்னும் சொல் வந்திருக்கிறது. சென்ற ஆண்டுப் படிவத்தைப் பார்த்தெழுதும் வழக்கம் இதற்கு ஒவ்வாது.

சிறு செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறோம். நாம் சென்ற ஒரு சங்கத்தில் கணக்கும் ஆயத்தம், தணிக்கையும் முடிந்தது. ஆனால் வரித்துறையின் இணையதளத்திலிருந்து வரும் ஓ.டி.பி. எண், என்றோ ஓய்வு பெற்றுவிட்ட செயலாளரின் கைபேசிக்கே போய்க்கொண்டிருந்தது! அக்டோபர் கடைசி வாரத்தில் அவர் மகள் வீட்டுக்கு ஆளனுப்ப வேண்டியதாயிற்று. கைபேசி எண்ணை மாற்றும் தீர்மானத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். அதற்கு வரி வல்லுநர் எவரும் வேண்டியதில்லை.